மழைக்கணக்கு மெஷின்

லீ பஜாரிலிருந்து காசிலிங்கம் போன் பண்ணும்போது
ராத்திரி ஒன்றேமுக்கால்.
ஐந்து ரோட்டில் லாரிச் சத்தமும் ஓய்ந்து
சர்வர் அறை ஏசி மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.
"மிளகு பன்னெண்டு மூட்டை, வியாழக்கிழமை லாரின்னு
எஸ்டேட்டுக்கு மெயில் போட்டேனே, போச்சா இல்லியா?"

லாக்கைத் திறந்தேன்.
எங்கள் சர்வர் வழக்கப்படிதான் கேட்டிருக்கிறது:
இந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை வாங்குவது யார்?
பெயர் இருக்கிறது. வாங்குகிறவர் என்று யாரும் இல்லை.
எம்எக்ஸ் வரி காலி.

இதோடு நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.
நிற்காது.
தபால்பெட்டி இல்லாத வீடென்றால்
வீட்டுக் கதவையே தட்டு என்பது பழைய விதி.
வெப்சைட் குடியிருக்கும் அதே முகவரிக்குப் போய்
இருபத்தைந்தாம் எண் கதவைத் தட்டும்.
கேட்ட கேள்விக்குப் பதிலே வராவிட்டால் மட்டும் வேறு கதை.
இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் ஒன்றல்ல;
தெரியாதபோது தட்டக் கூடாது,
வரிசையில் வைத்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும்.
மனுஷர்களிடம் இந்த வித்தியாசம்
எனக்கு இன்னும் கைவரவில்லை.

தட்டியிருக்கிறது. திறந்திருக்கிறது.
இருநூற்று ஐம்பது, சரி என்று ஒரு வரி.
"போயிடுச்சுங்க" என்றேன்.
"யாருகிட்ட?"

அது லாக்கில் இல்லை.

ஞாயிறு காலை ஏற்காடு பஸ்.
பதினோராவது கொண்டை ஊசியில்
பக்கத்து சீட்டுப் பையன் எலுமிச்சையை மூக்கில் அழுத்திக்கொண்டான்.
நாகலூர்ப் பக்கம் இறங்கி
மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் நடுவே அரைமணி நடை.

ஆபீஸில் ரோசலின் மட்டும்.
"முதலாளி பெங்களூருல. கணக்கு, கூலி எல்லாம் நான்தான்.
மெயிலா? ரெண்டு வருஷமா இங்க மெயிலே வர்றதில்லையே."
மேஜைக்கு அடியில் ஒரு டப்பா முனகிக்கொண்டிருந்தது.
"அது மழைக்கணக்கு மெஷின்.
இன்னிக்கு எத்தனை மில்லிமீட்டர்னு வெப்சைட்ல காட்டும்.
மார்கழிக் குளிருக்குக் கால வச்சுக்கிட்டா
இதமா இருக்கும்."

கீபோர்டைச் செருகினேன்.
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்.
உச்சியில் காசிலிங்கத்தின் பன்னிரண்டு மூட்டை.
அதற்குக் கீழே காப்பி போர்டு, பேங்க்,
வாட்ச்மேன் வேலை இன்னும் காலியா என்று கேட்ட ஒருவர்,
ஒரு கல்யாணப் பத்திரிகை (அந்தப் பெண்ணுக்கு
இப்போது குழந்தையே இருக்குமாம்).

கீழே போகப் போக ரோசலினின் விரல்
திரையில் ஓரிடத்தில் நின்றுவிட்டது.
'மதிப்பிற்குரிய ஐயா, ஒன்பது வருடமாக
இதே சம்பளத்தில்...'
இந்த நாற்காலியில் உட்கார்ந்து போனில் தட்டியது.
எந்தெந்தக் கடலடிக் கம்பியிலோ சுற்றிவிட்டு
அவள் கால்மாட்டிலேயே வந்து படுத்திருக்கிறது.

"வரலன்னுதான் சொன்னார்.
பொய் சொல்றார்னு நெனச்சு
ரெண்டு வருஷமா முகம் கொடுத்துப் பேசல."

கூலி ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில்
பாஸ்வேர்டு இருந்தது.
சொன்னேன்: ஒன்று, வாங்குகிறவர் யாரென்று ஒரு வரி எழுதலாம்.
இல்லாவிட்டால் வெறும் புள்ளி வைக்கலாம்.
இந்தப் பெயருக்குக் கடிதம் வேண்டாம் என்று அர்த்தம்,
பிறகு யாரும் தட்ட மாட்டார்கள்.

"புள்ளியெல்லாம் வேணாம்."

வரியை எழுதினேன்.
அவள் பழைய கடிதத்தைத் திறந்து, இரண்டாயிரத்தை அடித்து
மூவாயிரத்து ஐந்நூறு ஆக்கினாள்.
"இப்ப அனுப்பலாமா?"
"ஒரு மணிநேரம் பொறுங்க, எல்லாருக்கும் தெரியணும்."
"சரி, அதுக்குள்ள மூட்டைய எண்ணி வச்சுட்டு வந்துடறேன்."

அவள் போனபின் குனிந்து பார்த்தேன்.
மெஷின் முழுக்கத் தூசி.
மேல்தகட்டில் இரண்டு பாதத்தின் அளவுக்கு மட்டும்
பளபளவென்றிருந்தது.